வரப்பு வைத்துத் தைத்த போர்வை

அருப்புக்கோட்டை,
புதன்கிழமை.

அன்பு மகள் ஜெகதீஸ்வரிக்கு,

பெரியப்பா மருதுபாண்டி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உன் அம்மா அயர்லாந்து வந்து சேர்ந்துவிட்டதாக உன் பெரியம்மாவிடம் போனில் சொன்னாயாம். அங்கே இப்போதே குளிர் தொடங்கிவிட்டதாம். உன் அம்மாவைச் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கச் சொல். இங்கே மார்கழிப் பனிக்கே முழங்கால் பிடித்துக்கொண்டு கிடப்பவள்.

பெரியப்பா தைத்த போர்வை எங்கே என்று நீ கேட்டதற்கு, இன்னும் முடியவில்லை என்று உன் அம்மா சொன்னாளாம். அது என் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய். போர்வை முடிந்துவிட்டது. உன் அம்மாதான் அதை எங்கள் வீட்டுக் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போனாள். ஏன் என்று நான் சொல்வதுதான் முறை. போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், எனக்கும் குரல் எழும்பாது. அதனால் இந்தப் பார்சலுக்குள் எழுதி வைக்கிறேன். போர்வையை விரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

பிள்ளைக்குப் போர்வை தைக்கச் சொல்லி நீ அனுப்பிய மாதிரிப் படம் நல்ல படம்தான். நீ அதைக் குவில்ட் என்கிறாய். இங்கே பார்ப்பவர்கள் ஒட்டுத்துணிப் போர்வை என்கிறார்கள், ஏதோ எனக்கு முழுத்துணி வாங்க வக்கில்லாதது மாதிரி. கட்டம் கட்டமாகத் துணி, கட்டங்களுக்கு நடுவே வெள்ளைப் பட்டை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பது வரை எழுதியிருந்தது. எனக்கு அது பழகிய வேலை. கரூர் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் பார்த்ததே அதுதான். வெளிநாட்டுக்காரன் ஒப்புக்கொண்ட மாதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து நூலளவு பிசகிய விரிப்பையும் ஒதுக்கித் தள்ள வேண்டும். எம்.ஏ. படித்தவனுக்கு அந்த வேலை. நான் உட்கார வேண்டிய நாற்காலியில் முதலாளியின் மச்சினன் உட்கார்ந்த கதை உனக்குத் தெரியும். உங்கள் வீட்டு விசேஷங்களில் ஒன்று விடாமல் அதைச் சொல்லியிருக்கிறேன்.

படத்தில் இருந்தபடியே ஒரு போர்வையைத் தைத்து உனக்குப் போட்டோ அனுப்பினேன். உன் பெரியம்மா பார்த்துவிட்டு, கடையில தொங்குறது மாதிரியே இருக்கே என்றாள். பாராட்டு என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீ போனில், அழகா இருக்கு பெரியப்பா, ஆனா இதுல நீங்க எங்க இருக்கீக என்று கேட்டாய். இது இங்க கடையிலயே கெடைக்குமே என்றும் சொன்னாய்.

நேற்றுப் பிறந்தவள் எனக்குப் பாடம் சொல்கிறாள் என்று இரண்டு நாள் மெஷின் பக்கமே போகவில்லை. பிறகு வேறு துணியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கத்தரிக்கோல் கையில் இருக்கிறது, வெட்ட வரவில்லை. யாரோ பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது போல ஒரு கூச்சம். மாதிரி பார்த்துத் தைக்கும்போது, நன்றாக இல்லையென்றால் அது மாதிரி போட்டவன் பாடு. நானாகத் தைத்து அசிங்கமாகப் போனால் அந்த அசிங்கம் என்னுடையது. கரூரில் யாராவது ஒரு பூவைச் சற்றுத் தள்ளி வைத்துத் தைத்திருந்தால் எடுத்து எறிந்தவன் நான். இப்போது நான் தைப்பதை எடுத்து எறிய ஆள் நிற்பது போல இருந்தது.

வெள்ளைத்துணி தீர்ந்துபோனதுதான் நல்லதாயிற்று. பக்கத்துத் தெரு விசைத்தறிக்காரரிடம் வாங்கி வைத்திருந்த காவித் துண்டிலிருந்து ஒரு பட்டை வெட்டி, இரண்டு கட்டங்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தேன். வைத்ததும் அது வரப்பாகத் தெரிந்தது. வரப்பு என்று ஆன பிறகு இரண்டு பக்கமும் இருப்பது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டுமா?

திருச்சுழி ரோட்டிலிருந்து நம் ஊருக்குத் திரும்பினால் வலது கையில் வரிசையாக வருமே, அந்தப் புஞ்சைகள். கொத்தமல்லி பூத்த துண்டுக்கு வெள்ளையில் ஊதாப் பொடி தெளித்த துணி. மிளகாய்க்குப் பழைய பாவாடைச் சிவப்பு. சோளத்துக்குப் பச்சையும் மஞ்சளும் ஓடும் கோடு. கட்டம் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று மாதிரியில் எழுதியிருந்தது. நம் புஞ்சையில் எது ஒரே அளவாக இருக்கிறது? கோணல் துண்டைக் கோணலாகவே வெட்டினேன். கம்மாயை ஒரு மூலையில் வளைத்து வைத்தேன். அதில் இப்போது சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஆனாலும் பிள்ளைக்காக நீலத்துணி போட்டேன். மாதிரிப் படம் மெஷினுக்கு அடியில் விழுந்து கிடந்தது, எடுக்கத் தோன்றவில்லை. எனக்கு வாயில் பாட்டு வந்தது, ஜெகதி. உன் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, மனுசனுக்கு என்னமோ ஆயிப்போச்சு என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

கடைசியில் நடுத்துண்டு. என்னுடையதும் உன் அப்பாவுடையதும். நான்கு வருடமாக நானும் தம்பி ஜெயபாண்டியும் முகம் பார்த்துப் பேசாததற்குக் காரணமான இடம். பாகம் பிரித்தபோது போட்ட வரப்பைச் சேர்த்து உழுதுவிட்டு, பனைமரம் தன் பக்கம் வருகிற மாதிரி அவன் புது வரப்பு போட்டான் என்பது என் கேஸ். ஆதியிலிருந்தே வரப்பு அங்கேதான் இருந்தது என்பது அவன் பதில். தீர்ப்பு வரும்வரை இருவரும் உழாமல், இப்போது அங்கே சீமைக்கருவேலம்தான் மண்டிக் கிடக்கிறது. அதனால் இரண்டு பங்குக்கும் சேர்த்து ஒரே கரிசல் நிறத் துணியைப் போட்டேன். நடுவில் பச்சை நூலால் பனையை நிறுத்தினேன். மேலே காவிப் பட்டையை வைத்துத் தைத்தேன். பனை என் பக்கம் வரும்படி வைத்தேன். மற்ற இடங்களில் பிரித்துப் பிரித்துத் தைத்தவன், அந்த வரப்பை ஒரே ஓட்டில் தைத்தேன். நூல் பிடித்தது மாதிரி நேராக விழுந்தது.

அயர்லாந்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் உன் அம்மா போர்வையை வாங்கிக்கொள்ள வந்தாள். பக்கத்து வீட்டுச் சுப்பம்மாளும் கூட வந்தாள். கட்டிலில் விரித்தேன். உன் அம்மா முதலில் கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம், ஏ சுப்பம்மா, இது நம்ம கம்மாயில்ல, இந்தா இது மல்லி, இது மெளகா, அடியாத்தீ ஊரையே சுருட்டிக் குடுத்துட்டாகளே மச்சான் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். நான் பெருமையை முகத்தில் காட்டக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால் அவள் விரல் பனைமரத்தில் இருந்தது. பனை எங்கிட்டு இருக்கு மச்சான் என்றாள். நான் போர்வை ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன். கோர்ட்டுல இன்னும் குடுக்கலன்னதும், எம் பேரப்புள்ளைக்கு அடியில விரிச்சே வாங்கிப்புடலாம்னு பாத்தீகளாக்கும் என்றாள். சுப்பம்மாள் சிரித்துவிட்டாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உன் அம்மா கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். நான்கு வருடப் பேச்சு என்னிடம் தயாராக இருக்கிறது. அவள் கத்தவில்லை. போர்வையை ஓரம் சேர்த்து அழகாக மடித்தாள். வேல நல்ல வேல மச்சான், ஆனா பச்சப்புள்ள இதுல படுக்க வேணாம், கண்ணு முழிக்கிறதுக்குள்ள அதுக்கு எதுக்கு ஒரு கட்சி என்று சொல்லிவிட்டு, வாரேன் என்று கிளம்பினாள்.

சாயங்காலம் உன் பெரியம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். வக்கீலுக்குப் போன் போடுங்க, நமக்கு ஒரு சாட்சி தொட்டில்ல வந்து படுக்கப்போகுதுன்னு சொல்லுங்க என்றாள். அவள் சிரிக்கக்கூட இல்லை.

இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாயே. அந்தப் பட்டையில்தான் முழுசாக இருந்தேன். அதைச் சுப்பம்மாள் வரைக்கும் பார்த்துவிட்டார்கள். கம்மாயும் மல்லியும் அதற்கு ஒரு சாக்கு மாதிரி ஆகிவிட்டன. நான் என் கையால் முதன்முதலாகத் துணிந்து செய்த ஒன்று, இன்னும் பிறக்காத பிள்ளையின் முதுகுக்குக் கீழே ஒரு வழக்கைக் கொண்டுபோய்ச் சொருகுகிற வேலையாக இருந்திருக்கிறது. தைக்கும்போது எனக்கு அது தெரியவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் முகம் காந்துகிறது. தெருவில் சுப்பம்மாள் எதிரே வந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டு போகிறேன்.

இதனால் என் கேஸ் பொய் என்று ஆகிவிடாது. வரப்பு நான் சொன்ன இடத்தில்தான் இருந்தது. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பட்டையையும் அந்தத் துண்டில் ஓடிய மற்றத் தையலையும் பிளேடு வைத்துப் பிரித்தேன். உன் அப்பா வரப்பு போட்ட இடத்தில் பட்டையை வைத்துப் பார்த்தேன். ஊசியை இறக்கக் கை வரவில்லை. விட்டுக்கொடுக்கும் குணம் எனக்கு இல்லை; இருப்பது போலத் தைத்து அனுப்புவது இன்னும் கேவலம். பனையையே எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். அந்த மரம் அங்கே நிற்கிறது, நீ அதில் நுங்கு தின்று வளர்ந்தவள். மாதிரிப் படத்தைக் கூடத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதைப் போட்டவனுக்கு எங்கள் பனைமரத்தைப் பற்றி என்ன தெரியும்?

கடைசியில் பட்டை இல்லாமலே விட்டேன். விட்ட இடம் பல் விழுந்த மாதிரி இருந்தது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையலை மற்றத் துண்டுகளில் எல்லாம் உழவுச் சால் மாதிரி வரிவரியாக ஓட்டி, வரப்பு வந்ததும் நிறுத்தியிருந்தேன். இங்கே நிறுத்துவதற்கு வரப்பு இல்லை. ஆகவே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே ஓட்டமாக ஓட்டினேன், பனையின் அடியில் மட்டும் வளைத்துக்கொண்டு. பாதித் துண்டு முடிந்த பிறகுதான் உறைத்தது. வரப்பைச் சேர்த்து உழுதான் என்றுதானே ஜெயபாண்டி மேல் கேஸ் போட்டேன். மெஷினை நிறுத்தினேன். பிறகு மீதியையும் ஓட்டி முடித்தேன்.

பட்டையைப் பிரித்த இடத்தில் இரண்டு வரிசையாக ஊசித் துளைகள் தெரியும். துவைக்கத் துவைக்க மூடிக்கொள்ளும் என்கிறாள் உன் பெரியம்மா. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சுவரில் எல்லாம் மாட்டாதே. வருகிறவர்களுக்கு விரித்துக் காட்டவும் வேண்டாம், எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தரையில் போடு, பிள்ளை நனைக்கட்டும், பால் கக்கட்டும்.

முதலில் உன் அம்மாவிடம் காட்டு. அவள் இன்னும் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே, மடித்து வைத்துவிடு; அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும். சரி என்றால், பிள்ளையை அதில் படுக்க வைத்து ஒரு போட்டோ எடு. பனைமரம் தெரிகிற மாதிரி எடு. எனக்கு அனுப்ப வேண்டாம். உன் அப்பாவுக்கு அனுப்பு. உன் அம்மாவும் இல்லாத வீட்டில் ஒற்றை ஆளாகச் சோறு பொங்கித் தின்கிறானாம், உன் பெரியம்மா குழம்பு கொடுத்துவிட்டால் பாத்திரத்தைக் கழுவி அனுப்புகிறானாம். யார் தைத்தது என்று அவன் கேட்கமாட்டான். நீயாகவும் சொல்லாதே.

உனக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். பிள்ளை ஆணோ பெண்ணோ, கையையும் காலையும் பரப்பிப் போட்டுத் தூங்கட்டும். எங்கிட்டு உருண்டாலும் தரையில் பட்டுவிடக் கூடாது என்று மாதிரியில் இருந்ததைவிடச் சற்று அகலமாகத்தான் தைத்திருக்கிறேன்.

ஆசியுடன்,
உன் பெரியப்பா
மருதுபாண்டி