0417-க்கு நான் போட்ட கையெழுத்து

மார்ச் 3, செவ்வாய்

காலை 6.40. குடிக்காமல் பத்தொன்பதாவது நாள்.

குடியை விடுகிறவர்களுக்கான வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நடத்துகிறவர் எழுதச் சொன்னார். "தேதி, நேரம், எத்தனாவது நாள் - இந்த மூணையும் போடுங்க, மத்தது தானா வரும்." வரவில்லை. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பிப்ரவரி 12, மாலை 5.50. என் வண்டியைப் பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் மோதினேன். பெஞ்ச் இரண்டாக உடைந்தது. யாருக்கும் அடியில்லை. மூன்று நிமிடம் முன்புதான் பேருந்து வந்து அங்கே உட்கார்ந்திருந்தவர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. போலீஸ்காரர் மெஷினை நீட்டி ஊதச் சொன்னார். 118 காட்டியது. இங்கே அனுமதித்த வரம்பு 50. குடித்துவிட்டு ஓட்டியது ஒன்று, பொதுச் சொத்தை உடைத்தது ஒன்று. சின்ன கேஸ்தான் என்கிறார்கள் எல்லோரும். அந்த மூன்று நிமிடத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

என் வேலை அளவுக் கருவிகளைச் சோதிப்பது. தராசு, வெப்பமானி, அழுத்தமானி எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்து, சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். போலீஸ் ஊதச் சொல்லும் மெஷின்களும் வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் லேபுக்குத்தான் வரும். கேஸ் போட்ட மறுநாளே மேனேஜர் என்னைத் தராசு மேசைக்கு மாற்றிவிட்டார். "அபராதத்தைக் கட்டிட்டு வா, வேலை எங்கயும் போயிடாது" என்றார். நல்ல மனுஷன்.

இப்போது அக்கா வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். நான் திரும்பி வரும்போது கதவைத் திறந்துவிட்டு அக்கா லேசாக மூச்சை இழுப்பாள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள்.

மார்ச் 4, புதன்

20. தராசு மேசையில் ஒரு நாள் முழுக்க எடைக்கல். தூக்கம் வந்தது. குடிக்கத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்று எழுதியதும் தோன்றுகிறது.

மார்ச் 6, வெள்ளி

22. கூட்டம். ஒன்பது பேர், பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீராய் ஒரு தேநீர்.

லாரி அண்ணன் இன்றும் அதே கதையைச் சொன்னார். முன்பு லாரி ஓட்டியவர். நவம்பரில் பிடிபட்டு உரிமம் போய், இப்போது மரக்கடையில் சுமை தூக்குகிறார். "மத்த நாளெல்லாம் குடிச்சேன், ஒத்துக்கறேன். அன்னிக்கு மட்டும் நாலு மடக்குதான். 56 காட்டுதுன்னா அந்த மெஷின்தான்யா குடிச்சிருக்கணும்!" எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். மெஷின் மேல் பழி போடுகிறவர்களை ஆறு வருடமாகப் பார்க்கிறேன். மெஷினுக்கு யார் மேலும் கோபம் கிடையாது.

நடத்துகிறவர் அவரிடம், "அந்த நாலு மடக்கையும் ஒருநாள் விட்டுடுங்க" என்றார். அண்ணன் முகம் தொங்கிப்போனது.

மார்ச் 10, செவ்வாய்

26. வக்கீலம்மாவின் அறை. மாடியில், புகைப்படக் கடைக்கு மேலே. கோப்புகளை ஜன்னல் திட்டிலும் அடுக்கி வைத்திருக்கிறார், வெளிச்சமே இல்லை.

"வழக்கமா நான் முதல்ல பாக்கறது மெஷினோட சான்றிதழைத்தான். தேதி தாண்டியிருந்தா பிடிச்சுக்கலாம்" என்று ஒரு தாளை எடுத்தார். படித்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்.

"தம்பி, இது உங்க கையெழுத்துதானே? உங்களை நீங்களே பிடிச்சுக் கொடுத்திருக்கீங்க போங்க!"

மெஷின் எண் 0417. ஆகஸ்ட் 22. கீழே என் கையெழுத்து.

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது. இந்தச் சான்றிதழுக்குப் பிறகு இந்த மெஷினை வைத்து அறுபத்து மூன்று கேஸ் போட்டிருக்கிறார்களாம். "சான்றிதழ் கச்சிதமா இருக்கு. 24-ஆம் தேதி ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிடலாம். உரிமம் கொஞ்ச நாளைக்குப் போகும், அவ்ளோதான்" என்றார்.

பிரதியைக் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது எதிரே இருக்கிறது. ஒன்பது அளவுகள். 49.8, 50.1, 49.9... ரொம்ப அழகாக இருக்கின்றன. மெஷின் இவ்வளவு அழகாக எண் போடாது. மனுஷன்தான் போடுவான்.

மார்ச் 11, புதன்

27. எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 22 வெள்ளிக்கிழமை. பத்து மெஷின்கள். சோதனை இப்படி: அளவு தெரிந்த ஆல்கஹால் கரைசலை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, அதன் வழியே காற்றை ஊதி, மெஷின் சரியான எண்ணைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் வெறுங்காற்றில் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். காலையில் ஆறு மெஷினை முடித்தேன். மத்தியானம் வெளியே போனேன். மூன்றரைக்குத் திரும்பி வந்தேன். எங்கே போனேன் என்று எழுதத் தேவையில்லை.

ஏழாவது மெஷின் வெறுங்காற்றில் 7 காட்டியது. திரும்ப வைத்தேன், 9. மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அதன் மேல் குனிந்து நின்றது நான். என் மூச்சைத்தான் அது அளந்துகொண்டிருந்தது.

மேனேஜர் பக்கத்து அறையில் இருந்தார். எந்த நிமிடமும் உள்ளே வரலாம். நான்கு மெஷினையும் அணைத்துப் பெட்டியில் வைத்தேன். போன வருடத் தாளை எடுத்துக் கடைசி இலக்கங்களை மட்டும் மாற்றி எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். நாலரைக்குப் போலீஸ் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது. அந்த நான்கில் ஒன்று 0417.

இந்த மெஷின்களுக்குள் இருக்கும் சென்ஸார் பழசானால் பெரும்பாலும் குறைத்துக் காட்டும். பெரும்பாலும்தான். கூட்டிக் காட்டுவதையும் பார்த்திருக்கிறேன். ஊதிப் பார்க்காமல் சொல்ல முடியாது. நான் ஊதிப் பார்க்கவில்லை.

சொன்னால் என் கேஸே நிற்காது. வேலையும் நிற்காது. பொய்ச் சான்றிதழுக்குப் புதிதாக ஒரு கேஸ் வரும், அது சின்ன கேஸ் இல்லை. சொல்லாவிட்டால் 24-ஆம் தேதியோடு எல்லாம் முடிந்தது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. பிறகு ஏன் தூக்கம் வரவில்லை?

மார்ச் 13, வெள்ளி

29. கூட்டம் முடிந்து படியில் நின்றபோது லாரி அண்ணனிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "அண்ணே, அந்தச் சீட்டு இருக்கா?" பர்ஸிலிருந்து எடுத்தார். மடிப்பில் நைந்து நாலு துண்டாகப் போகிற நிலையில் இருந்தது. 56. கீழே மெஷின் எண்.

0417.

"என்ன தம்பி, அப்படிப் பாக்கற? நீ அந்த லைன்ல இருக்கறவன்தானே, சொல்லு. மெஷின் தப்பு பண்ணுமா, பண்ணாதா?"

"பண்ணும்ணே" என்றேன்.

என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நீ ஒருத்தன்தான்டா நம்புற. நீயும் என் பொண்டாட்டியும். என்னைக் குடிகாரன்னு சொன்னதுக்கு அவ கூடப் பொறந்தவன்கிட்ட நாலு மாசமா பேச்சையே விட்டுட்டா."

மார்ச் 15, ஞாயிறு

நேற்று 0. இன்று 1.

நேற்று மாலை. எவ்வளவு என்று எழுத மாட்டேன். கதவைத் திறந்ததும் அக்கா மூச்சை இழுத்தாள், அப்படியே நின்றாள். அக்கா பெண் கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அந்தச் சத்தம் - அதை எழுதத் தெரியவில்லை.

என்னைப் பார்த்துத் தாழ்ப்பாள் போடுகிற அளவுக்கு ஆகிப்போச்சா?

மார்ச் 16, திங்கள்

2. காலையில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை பேருடா அந்த லிஸ்ட்ல?"

"அறுபத்து மூணு. என்னையும் சேத்து."

"அதுல எத்தனை பேரு நிஜமா குடிச்சவங்க?"

"தெரியாதுக்கா. அதான் பிரச்சினையே."

"தெரிஞ்சுக்க வழி இருக்கா?"

"இருக்கு. மெஷினை ஊதிப் பாக்கணும். இருபது நிமிஷ வேலை."

தண்ணீரை நிறுத்தினாள். "இருபது நிமிஷ வேலைய வச்சுக்கிட்டாடா சனிக்கிழமை போய்க் குடிச்சிட்டு வந்த?"

மார்ச் 17, செவ்வாய்

3. மேனேஜரிடம் சொன்னேன். நான்கு மெஷின்களின் எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்தேன். தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார்.

"ஏம்ப்பா, உனக்கு என்ன குறை வச்சேன்? 'சார், இன்னிக்கு முடியல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே செஞ்சிருப்பேனே."

"தெரியும் சார்."

"இதை அமுக்கறது எனக்கு ரெண்டு நிமிஷம். தெரியுமா?"

"தெரியும் சார்."

"வெளிய போ" என்றார். பிறகு, "போகாத. உக்காரு" என்றார். போலீஸ் அலுவலகத்துக்கு அவரே போன் போட்டு, நான்கையும் உடனே திருப்பி அனுப்பச் சொன்னார். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சொன்னார்.

அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மார்ச் 18, புதன்

4. வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். "உங்க மேல அவங்க போட்டது ஒரு கேஸ். நீங்களே போட்டுக்கிட்டது ரெண்டாவது. எனக்கு வேலை குடுக்கணும்னு வேண்டுதலா?" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "சரி, முதல் கேஸ் போச்சு. சான்றிதழ் பொய்யின்னா 118 செல்லாது. வாயைத் திறக்காம நில்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

மார்ச் 20, வெள்ளி

6. சோதனை. என்னைத் தொட விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். மேனேஜரே மேசையில் உட்கார்ந்தார். பத்து வருடமாக அவர் மேசையில் உட்கார்ந்ததில்லை என்கிறார்கள்.

மற்ற மூன்றும் சரியாக இருந்தன. கடைசியாக 0417.

வெறுங்காற்று: 0. மெஷினுக்கு ஒன்றுமில்லை, நான் வெளியே இருக்கிறேன்.
50 கரைசலுக்கு 43.
100-க்கு 86.
150-க்கு 129.

குறைத்துக் காட்டுகிறது. ஒவ்வொரு நூறிலும் பதினான்கை விழுங்கியிருக்கிறது. அறுபத்து மூன்று பேரில் ஒருவர்கூட அநியாயமாகப் பிடிபடவில்லை. சுவரில் சாய்ந்து மூச்சு விட்டேன்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் 118 உண்மையில் 137. லாரி அண்ணனின் 56 உண்மையில் 65.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஐம்பதுக்கு மேல் ஏற்றிக்கொண்டு ஊதியவர்களில் சிலருக்கு அது 44, 47 என்று காட்டியிருக்கும். "சரி, போங்க" என்று அனுப்பியிருப்பார்கள். அவர்கள் ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள். ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை. பிடிபட்டவர்களுக்குப் பட்டியல் இருக்கிறது. அனுப்பி வைக்கப்பட்டவர்களுக்கு இல்லை. எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்களா? யாரிடம் போய்க் கேட்பேன்?

இன்று கூட்டத்துக்குப் போகவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

10. கோர்ட்டில் காத்திருந்தது நான்கு மணி நேரம், நின்றது நான்கு நிமிடம். மெஷின் அளவு செல்லாது என்று வக்கீலம்மா சொல்லி முடித்தார். நீதிபதி நான் உடைத்த பெஞ்சைப் பற்றி என்னிடம் ஏதோ கேட்டார். சும்மா இருந்திருக்கலாம்.

"குடிச்சிருந்தேன். 137. ஒத்துக்கறேன்."

வக்கீலம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அபராதம், ஒரு வருடத்துக்கு உரிமம் ரத்து. சான்றிதழ் விவகாரத்துக்குத் தனி விசாரணை, சம்மன் வருமாம். படியிறங்கும்போது வக்கீலம்மா, "அடுத்த கேஸுக்கு வாயில பிளாஸ்திரி ஒட்டித்தான் கூட்டிட்டு வருவேன்" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினார். எதற்கென்று தெரியவில்லை.

மார்ச் 25, புதன்

11. வேலை நீக்கக் கடிதம். மூன்று வரி. எழுத்துப் பிழை இல்லை.

மார்ச் 27, வெள்ளி

13. கூட்டத்துக்கு முன்பே போய் வாசலில் அண்ணனுக்காகக் காத்திருந்தேன். மரத்தூள் படிந்த சட்டையோடு வந்தார். சோதிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்தான் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது - அதுதான் கொடுமை. "நான் சொல்லலை? நான் சொல்லலை?" என்று என் கையைப் பிடித்தார். நான் அவசரக்காரன், நல்ல வார்த்தை தேட வரவில்லை.

"அண்ணே, மெஷின் குறைச்சுக் காட்டியிருக்கு. உங்களுது 56 இல்ல. 65."

கையை விட்டார். படியில் உட்கார்ந்தார்.

"நாலு மடக்குதான்டா."

"இல்லண்ணே."

உள்ளே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னார்: "நாலுன்னு சொல்லிச் சொல்லி எனக்கே நாலுன்னு ஆயிடுச்சு. எத்தனைன்னு நிஜமாவே தெரியாது தம்பி." முகத்தைத் துண்டால் துடைத்தார். "என் பொண்டாட்டிகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? மெஷின் மேல சத்தியம் பண்ணி வச்சிருக்கேனே. நீ வா. நீ சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்."

மறுக்க எனக்கு வாய் ஏது?

மார்ச் 28, சனி

14. காலை 6.40. நாளைக்கு:

1. பத்து மணிக்கு அண்ணன் வீடு. நடந்து போனால் ஒன்றேகால் மணி நேரம். எட்டரைக்கே கிளம்பிவிட வேண்டும், பாலத்து வழியாக. கடைத்தெரு வழி வேண்டாம், அங்கே மதுக்கடை இருக்கிறது.

2. சோதனைத் தாளின் பிரதியை எடுத்துக்கொள்வது. அவர்கள் கேட்டால் மட்டும் காட்டுவது.

3. முதலில் என் தவறு, பிறகு 65. சென்ஸார், சதவீதம் எதையும் விளக்கக் கூடாது.

4. ஏன் சோதிக்கவில்லை என்று அண்ணன் மனைவி கேட்டால்: "குடிச்சிருந்தேன்." அதோடு நிறுத்திக்கொள்வது.

5. அவர்கள் கத்தினால், முடியும்வரை நிற்பது. என்னைப் பார்த்துக் கத்தினாலும் அண்ணனைப் பார்த்துக் கத்தினாலும்.

6. அண்ணன் வெளியே வந்தால் அவரோடு நடப்பது. அவர் எங்கே போனாலும்.