காற்றுப் பெட்டியின் மூடி

7 ஆகஸ்ட் 2007, செவ்வாய்

மாத்தளையில் காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. துணி காயவில்லை.

ஞாயிறு நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. கலேவெலவில், என்னோடு வேலை செய்யும் டீச்சர் வீட்டுக் கல்யாணம். திரும்பும்போது சோதனைச்சாவடி. வழக்கம்போல எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். பார்த்தார்கள். போகலாம் என்றார்கள். கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதுவரை சிரித்துப் பேசிய சிப்பாய் பத்தடி பின்னால் போனான். துவக்கின் குழல் நிமிர்ந்தது. ஆர்மி முகாம் வாசலில் நகராத கார். உள்ளே என் வீட்டுக்காரர். அடையாள அட்டையில் பிறந்த இடம் கிளிநொச்சி. குண்டு மோப்ப நாய் வரும்வரை இரண்டு மணி நேரம் வெயிலில். நாய் வந்து போனது. பிறகு முதல் சாவியிலேயே கார் பிடித்தது. அது இன்னும் மோசம்.

"இப்போ மட்டும் எப்படி மிஸ்?" சிங்களத்தில் கேட்டான்.

வருகிற 16 வியாழன், காலை பத்து மணி: அவருக்குக் கண் ஆபரேஷன், கொழும்பு. சீனி வியாதியில் வலது கண் போய்விட்டது. இனி இடது கண் மட்டும். இந்தத் தவணை தப்பினால் அடுத்தது நவம்பர். அதுவரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பஸ்: முடியாது. போன மாதம் அவரை இறக்கி மூன்று மணி நேரம் வைத்திருந்தார்கள், பஸ் போய்விட்டது. வாடகை வேன்: பிறந்த இடம் கேட்டதும் டிரைவருக்கு வேறு ஹயர் வந்துவிடுகிறது. மிச்சம் நான், என் அரசாங்க ஆசிரியர் அட்டை, இந்தக் கார்.

8 புதன்

மெக்கானிக் நசீர் நாநாவின் கராஜ். பிளக் நான்கும் கரி. முகர்ந்து பார்த்தார்.

"பெட்ரோல் கூடக் குடிக்கிது டீச்சர். பெட்ரோல் ஷெட்டுல என்னத்தையாவது கலந்தீப்பான்."

புது பிளக். புது பெட்ரோல் பில்டர். பத்துத் தடவை நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் செய்து காட்டினார். பத்துத் தடவையும் பிடித்தது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. பிறகு மலைமேல் எல்கடுவ வரை, எங்கள் பள்ளிக்கூட வாசல் வரை, ஏறி இறங்கினேன். அந்தக் குளிரில் ஒரு முனகல் கிடையாது.

வீட்டுக்காரர்: "சரிவந்திட்டுதுதானே. நீர் ஏன் இன்னும் யோசிக்கிறீர்?"

காரணம் தெரியாமல் சரியானதை நான் சரி என்று எடுக்க மாட்டேன். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்துப் பழகிய புத்தி.

10 வெள்ளி

மல்லி, அவருடைய மாத்திரை, சவர்க்காரம் வாங்கப் போனேன். மார்க்கெட் முன்னால் பகல் பன்னிரண்டரை. ஏழு நிமிடம்தான் நின்றது. திரும்பி வந்தால் ஸ்டார்ட் இல்லை. நெடுநேரம் கழித்துப் பிடித்தபோது பின்னால் கறுப்புப் புகை.

முச்சக்கர வண்டிக்காரன்: "டீச்சர், இது காரா, தேயிலை பெக்டரியா?"

நானும் சிரித்தேன்.

வீட்டில் உட்கார்ந்து எழுதியது:
ஸ்டார்ட் ஆகாத இடம் – நாலந்தா சாவடி (ஜூன், அப்போது பெரிதாக எடுக்கவில்லை), கலேவெல சாவடி, மார்க்கெட். மூன்றும் நல்ல பகல். மூன்றிலும் நிறுத்தி ஐந்து, பத்து நிமிடம்.
ஸ்டார்ட் ஆன இடம் – எல்கடுவ, எப்போதும். கராஜ், காலை எட்டு மணி, கூரைக்குள். நாநா நிறுத்திய கையோடு ஸ்டார்ட் செய்தார்.

சூடும் வேண்டும், காத்திருப்பும் வேண்டும். சாவடியில் நடப்பது அதுதான். அப்படி யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

11 சனி

தாளை நாநாவிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார்.

"இத மொதல்லயே தந்தீந்தா நாலு பிளக் மிச்சம்."

காற்று பில்டர் இருக்கும் பெட்டியின் மூடியில் விரல் நுனியளவு ஒரு சென்சர். உள்ளே போகும் காற்று எவ்வளவு சூடு என்று எஞ்சினுக்குச் சொல்வது அதன் வேலை. நிறுத்தி வைத்தால் எஞ்சின் சூடு அந்தப் பெட்டிக்கும் ஏறும்; அப்போதும் குளிர் என்று சொன்னால் பெட்ரோல் கூடப் போகும். கழற்றி மீட்டரில் பிடித்தார். சூடேறினால் எண் இறங்க வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் கேட்டு வாங்கினேன். கோப்பையில் ஊற்றிச் சென்சரின் தலையை முக்கினோம். எண் இறங்கவில்லை. லேசாகத் திருப்பினால் மேலே துள்ளியது. கம்பி சேரும் கழுத்தில் மயிரிழை வெடிப்பு.

"நாம இங்க வேர்த்துக்கிட்டு நிக்கிறோம். இது நுவரெலியாவுல பனி கொட்டுதுன்னு எஞ்சினுக்குச் சொல்லிக்கிட்டீக்கிது."

"லைட் ஏன் எரியல்ல நாநா?"

"முழுசா அறுந்தீந்தா எரியும். பாதிப் பொய் சொல்றவன கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்."

பிறகு மூடியைத் திருப்பிப் பார்த்தார். கிளிப் எல்லாம் தேய்ந்திருந்தது.

"யாரு இத இவ்வளவு தரம் தொறக்கிற? வயர் மூடியோட ஈக்கி. ஒவ்வொரு தரமும் இழுபட்டீக்கிது."

"ஆர்மிக்காரங்க," என்றேன்.

12 ஞாயிறு

நேற்று நாநாவிடம் சொன்னது உண்மையில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். யோசித்துப் பார்த்தால், ஆர்மி ஒரு நாளும் அந்த மூடியைத் திறக்கச் சொன்னதில்லை. டிக்கி பார்ப்பார்கள், சீட்டுக்கு அடியில் பார்ப்பார்கள், சில வேளை பொனட்.

திறப்பது என் வீட்டுக்காரர். கார் நின்றதும் இறங்குவார். கேட்கும் முன் பொனட்டைத் தூக்குவார். காற்றுப் பெட்டியின் கிளிப்புகளைத் தட்டி, மூடியைப் பிடுங்கி, உள்ளே ஒன்றும் இல்லை பாருங்கள் என்று காட்டுவார். "அவங்கள் கேக்க முதல் நாங்களே காட்டிப்போட்டா சந்தேகம் வராது." பார்வை மங்கிய கண்ணோடு, கம்பி இருப்பது தெரியாமல், இரண்டு வருடமாக. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்தேன்.

அவருக்குச் சொல்லக் கூடாது. இன்னும் நான்கு நாள். பிரஷர் ஏறினால் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள்.

"என்ன பழுதாம்?"

"பழசாயிருச்சாம்."

பூசணிக்காயை உப்புப் போட மறந்து இறக்கினேன். அவர் முழுவதையும் சாப்பிட்டார்.

14 செவ்வாய்

வெயில். சென்சர் மாத்தளையில் இல்லை. கண்டியிலும் இல்லை. நாநாவின் மச்சான் குருநாகலில் உடைத்த கார்களில் தேடுகிறாராம். போன் எடுக்கிறார் இல்லை. மூன்று தடவை கராஜுக்குப் போனேன். மூன்றாவது தடவை நாநா கதிரையைத் தூக்கி வாசலில் போட்டார். "இங்கயே இரிங்க டீச்சர், பெட்ரோலாவது மிச்சம்."

பை கட்டியாகிவிட்டது. உடுக்கச் சாரம் இரண்டு, துடைக்கத் துவாய், டாக்டர் எழுதிய துண்டுகள், அவர் இங்கே தங்குவதற்குப் பொலிஸ் தந்த பதிவுத் துண்டு.

15 புதன்

பதினொரு மணிக்குக் குருநாகல் பஸ் கண்டக்டர் கையில் ஒரு பொட்டலம். பழைய சென்சர், வேறு காரில் இருந்தது. மறுபடி பிளாஸ்க், கோப்பை. முக்கியதும் எண் மளமளவென்று இறங்கியது. தண்ணீர் ஆற ஆற மெல்ல ஏறியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாநா கோப்பையைப் பிடுங்கினார்.

இனிச் சாவடி மாதிரிச் சோதிக்க வேண்டும். வெயிலில் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம். எங்கே? ரோட்டோரம் ஒரு கார் சும்மா நின்றால் பத்து நிமிடத்துக்குள் யாராவது பொலிசுக்குச் சொல்வார்கள். நாநா மசூதிப் பொறுப்பாளர் ஹாஜியாரிடம் கேட்டு அதன் முற்றத்துக்குள் விடச் சொன்னார். கொங்கிரீட் தரை, ஒரு நிழல் இல்லை. மூன்று தரம் ஓட்டிவந்து நிறுத்திக் காத்திருந்தோம். மூன்று தரமும் பிடித்தது. புகை இல்லை.

"அல்லா பாத்துக்குவான் டீச்சர். மூடிய மட்டும் நீங்க பாத்துக்கங்க."

16 வியாழன்

ஆஸ்பத்திரி, வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

விடிய நான்கு மணிக்குக் கிளம்பினோம். முதல் சாவடியில் எஞ்சினை நிறுத்தியதும் அவர் கதவைத் திறந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இறங்காதீங்க."

"ஏனப்பா, பொனட்டைத் திறக்க வேணுமெல்லே?"

"கேட்டா நான் திறக்கிறேன்."

"கேக்க முதல்..."

"கேக்கட்டும்."

இருந்தார். கதவைச் சாத்தினார். சிப்பாய் டிக்கியைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். சாவி. பிடித்தது.

கேகாலை தாண்டியதும் கேட்டார்: "அதை உடைச்சது நான்தானே?"

நான் கியர் மாற்றினேன்.

"கண் தெரியாட்டிலும் அது விளங்கும்," என்றார். உங்கள் குற்றமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம்.

கடவத்தையில் பொனட்டைத் திறக்கச் சொன்னார்கள். நான் இறங்கித் திறந்தேன். சிப்பாயின் கை காற்றுப் பெட்டிப் பக்கம் போனது. தொடாமல் விட்டான். ஆனால் அவருடைய அட்டையை உள்ளே எடுத்துப் போனார்கள். நல்ல வெயில். எஞ்சின் நிறுத்தி நாற்பது நிமிடம். 9.10க்கு அட்டை வந்தது. சாவியைத் திருப்பினேன். பிடித்தது. காருக்கு நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது.

10.20க்கு வந்து சேர்ந்தோம். நர்ஸ் ஏசினார், ஆனால் பெயரை வெட்டவில்லை. பதினொன்றுக்குக் கூப்பிட்டார்கள்.

17 வெள்ளி

ஆபரேஷன் நல்லபடி. விழித்திரை பிடித்திருக்கிறது என்றார் டாக்டர். எவ்வளவு தெரியும் என்று ஒரு மாதம் போனபின் சொல்கிறேன் என்றார். நாளை காலை வீட்டுக்குப் போகலாம்.

இடது கண் கட்டு. வலது கண்ணில் ஏற்கெனவே ஒன்றுமில்லை. அட்டைப் படத்தில் இரண்டு கண்ணும் விழித்திருக்கிற ஆள். டாக்டர் கடிதம் ஆங்கிலத்தில். சாவடியில் காட்டச் சிங்களத்தில் ஒன்று வேண்டும் என்று வார்ட் நர்ஸிடம் கேட்டேன். பொலிஸ் பதிவுத் துண்டை வாங்கி, பிறந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வழியில எத்தனை சாவடி?"

"அஞ்சு."

ஐந்து பிரதி எழுதினார். ஐந்திலும் முத்திரை.

கட்டிலில் அவர், என் குரல் வந்த பக்கம் திரும்பாமல், கேட்டார்: "நாளைக்கு அவங்கள் மறிச்சா நான் என்ன செய்ய வேணும்?"

"ஒன்னும் செய்யாதீங்க. சும்மா உக்காந்திருங்க."

"அதுதான் எனக்கு வராது," என்றார்.