பேர் போடாத பொட்டலம்

ஆகஸ்ட் 9, 1971. திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஏரிப் பக்கமிருந்து காற்றே இல்லை. சிட்லபாக்கம் முழுக்கக் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கிருபாவின் பிறந்தநாள் அட்டைகள் எழுதி முடித்தேன். சனிக்கிழமை மாலை. ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில், 'தயவுசெய்து பரிசு எதுவும் வேண்டாம். ஆசீர்வாதம் போதும்.' வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன லில்லி, எலெக்ஷன் நோட்டீஸ் மாதிரி சிவப்புல?" என்றார். சிரிக்கட்டும். எனக்கு ஆசீர்வாதம் கூட வேண்டாம். அந்தப் பொட்டலம் வராமல் இருந்தால் போதும்.

எழுதியே விடுகிறேன். இந்த நோட்டை விட்டால் வேறு யாரிடம் சொல்ல.

கிருபாவுக்கு நாலு வயது முடிந்தபோது, எல்லாரும் போன பிறகு, கட்டிலில் குவிந்து கிடந்த பரிசுகளில் பேர் போடாத ஒன்று. பழுப்புக் காகிதம், வெள்ளை நூல். உள்ளே கையால் தைத்த மஞ்சள் கவுன். யாரோ பேர் எழுத மறந்துவிட்டார்கள் என்று கிருபாவுக்குப் போட்டுப் பார்த்தேன். தோள், கை, இடுப்பு, எல்லாம் கச்சிதம். நம் வீடுகளில் குழந்தைக்கு யார் சரியான அளவில் துணி எடுக்கிறார்கள்? வளர்கிற பிள்ளை என்று இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துத்தான். நானே அப்படித்தான், கிருபாவின் புதுக் கவுன் எப்போதும் முழங்காலுக்குக் கீழே தொங்கும். இது தொங்கவில்லை. போன வருஷம் மறுபடி வந்தது. ரோஸ். அதே காகிதம், அதே நூல். ஒரு வருஷத்தில் அவள் எவ்வளவு வளர்ந்தாளோ அவ்வளவு வளர்ந்திருந்தது. அதையும் மஞ்சளோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

கிருபா என் வயிற்றில் பிறந்தவள் இல்லை. கைக்குழந்தையாகக் குழந்தைகள் ஹோமிலிருந்து எடுத்து வந்தோம். "பெத்தவ படிச்ச பொண்ணு, கல்யாணம் ஆகாதவ, இனிமே இந்தப் பக்கம் வரமாட்டா" என்று மேட்ரன் சொன்னார். கிருபாவுக்கு இது தெரியாது. சர்ச்சில் பாதிப் பேருக்குத் தெரியும், பேச மாட்டார்கள். கிறிஸ்தவர்களுக்குத் தத்து எடுக்கச் சட்டமே இல்லை. கோர்ட்டுக் காகிதத்தில் நாங்கள் கார்டியன், அவ்வளவே. பெற்றவள் வந்து கையை நீட்டினால் என்ன ஆகும் என்று வக்கீலிடம் கேட்க இவருக்குத் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை.

யாரோ என் பிள்ளையைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருக்கிறாள். வீட்டுக்குள்ளும் வருகிறாள். இல்லாவிட்டால் யாரையோ அனுப்புகிறாள்.

இந்த வருஷம் யாரும் எதுவும் கொண்டுவராவிட்டால், கொண்டுவருகிற ஒரு கை கண்ணில் பட்டுவிடும். அதற்குத்தான் சிவப்பு மை.

ஆகஸ்ட் 11. புதன்

அட்டைகள் கொடுத்தாயிற்று. ஐயர் அம்மா (எங்கள் போதகரின் மனைவி) மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் படித்தார். "ரொம்ப நல்ல காரியம் லில்லி. எல்லாரும் இப்படிச் செய்யணும்." அப்பாடா.

தாம்பரம் மார்க்கெட்டில் கிரேப் காகிதம், பலூன், மெழுகுவர்த்தி. பலூன் இரண்டு ஓட்டை.

சானடோரியம் ஸ்டேஷனில் ஒரு பெண் கிருபாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புக் கைப்பை, முப்பது வயதிருக்கும். கிருபாவை என் மறுபக்கம் இழுத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் அவள் பார்த்தது எங்கள் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தை. போன மாதம் கொய்யாப்பழக்காரியிடம் இப்படித்தான் சண்டைக்குப் போனேன், பாவம்.

குழந்தையை யாராவது 'அழகா இருக்கா' என்றால்கூட எரிச்சல் வருகிறது. முன்பெல்லாம் பெருமையாக இருந்தது.

ஆகஸ்ட் 13. வெள்ளி

கேக் சொல்லியாயிற்று. சமோசா ஹமீது பாய் வீட்டிலிருந்து, அவர் மனைவியே போட்டுத் தருகிறாராம். நாற்காலி சர்ச்சிலிருந்து. கலர் சோடாவுக்குப் பதில் எலுமிச்சை ஜூஸ், ஐஸ் வாங்க இவர். பழைய கவுன்கள் இரண்டும் பீரோவில், சாவி என்னிடம். அளவு பார்த்ததற்கு மேல் ஒரு நாள்கூட அவளைப் போட விட்டதில்லை. "மஞ்சக் கவுன் எங்கம்மா?" என்று இன்றைக்கும் கேட்டாள். பூச்சி அரித்துவிட்டது என்றேன்.

இவரிடம் என் பயத்தைச் சொன்னேன். "யாராவது கூச்சப்பட்ட ஜனம் வெச்சிட்டுப் போயிருக்கும். பேயா வந்து பட்டன் வெச்சுத் தைக்குது?" என்றார். பேயாக இருந்தால் எனக்குப் பயமே இல்லை. பேய் கோர்ட்டுக்குப் போகாது.

ஆகஸ்ட் 14. சனி

கால் வலி. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

முதலில் வந்தது சர்ச்சில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிற பியூலா. தாம்பரத்தில் பெண்கள் ஹாஸ்டலில் இருக்கிறாள், ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. துணிப்பையில் காகிதத் தொப்பிகள், விளையாட்டுச் சாமான்கள். வந்ததும் வராததுமாக நாற்காலிகளை வட்டமாகப் போட ஆரம்பித்தாள். நல்ல பெண்.

நான் வாசலிலேயே நின்றேன், யார் கையில் என்ன என்று பார்க்க. பார்த்தேன். எல்லார் கையிலும் இருந்தது.

ஐயர் அம்மா, 'ரொம்ப நல்ல காரியம்' என்ற அதே ஐயர் அம்மா: "இது பரிசு இல்ல லில்லி, சும்மா ஒரு பென்சில் டப்பா."

ஹமீது பாய் தோல் பையோடு: "கிஃப்டுன்னு நெனைக்காதீங்க டீச்சர். மத்தவங்க குடுக்கிறத வெக்கிறதுக்குத்தான் பை." அட்டையை யாராவது படித்தால்தானே.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற கன்னியம்மா கண்ணாடி வளையல் கொண்டுவந்திருந்தாள். ஏன் வாங்கினாய் என்றால், "இன்னா டீச்சர், கொயந்த பொறந்தநாளுக்கு வெறுங்கைய வீசிகினு வரச் சொல்றியா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்கோ?"

கேட்டுக்கு வெளியே யாரோ ஒரு அம்மாள் தன் வீட்டுக்காரரிடம்: "வேண்டாம்னு அட்டையில போட்டா, சின்னதா வேண்டாம்னு அர்த்தம். உங்களுக்கு எங்க புரியுது." எவர்சில்வர் குடம். ஆறு வயதுக் குழந்தைக்குக் குடம்.

கொஞ்ச நேரத்தில் கட்டில் நிறைந்துவிட்டது. நான் போட்ட திட்டம், என் அட்டை, என் சிவப்பு மை எல்லாம் அதற்கடியில். வாசலில் நிற்பதை விட்டுவிட்டு சமோசா எடுத்துவைக்கப் போனேன். அட்டையில் எழுதியதை மதித்த ஒரே ஆள் பியூலா. அவள் மட்டும் எதுவும் கொடுக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு ஒரு துண்டு கேக் அதிகம் வைத்தேன்.

ஐயர் ஜெபம் நீளம். மெழுகுவர்த்தி பாதி உருகிவிட்டது. நாற்காலி விளையாட்டில் கிருபா கடைசி வரை வந்து தோற்றாள், அழவில்லை. பியூலா தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 15. ஞாயிறு

ஆராதனை, கொடியேற்றம், மிட்டாய். மத்தியானம் பரிசுகளைப் பிரித்தோம். சோப்பு டப்பா மூன்று, லூடோ, பொம்மை, ரிப்பன், குடம்.

பழுப்புக் காகிதமும் இருந்தது. வெள்ளை நூல். பேர் இல்லை.

கிருபா பிரித்துவிட்டாள், தடுக்க முடியவில்லை. வெளிர் நீலம், கழுத்தில் லேஸ். போட்டே ஆக வேண்டும் என்று குதித்தாள். சரி என்று போட்டுவிட்டேன்.

பெரிது. தோள் இறங்குகிறது, நீளம் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. "பார்த்தியா, எல்லார் மாதிரிதான் தைச்சிருக்கா" என்றார் இவர், ஜெயித்துவிட்ட மாதிரி.

ஆகஸ்ட் 17. செவ்வாய்

இடி மட்டும். மழை இல்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நீலக் கவுனை எடுத்து உள்பக்கம் புரட்டினேன். கீழே ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று டக், துணியை உள்ளே மடித்துத் தைத்தது. இடுப்பில் மடிப்பு. பக்கத் தையலில் இரண்டு விரல் அளவுக்குத் துணி விட்டுத் தைத்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்து விடலாம், பிரிக்கிற இடத்தில் கிழியாதபடி நூல்கூடத் தளர்வாக. அளவு தெரியாமல் தைத்தது இல்லை. இரண்டு வருஷமும் கண்ணை மூடிக்கொண்டு தைத்தவளுக்கு இந்த வருஷம் மட்டும் தெரியாமல் போகுமா?

இது வரப்போகிற வருஷங்களுக்கும் சேர்த்து. இனிமேல் அவள் வரமாட்டாள்.

முதலில் ஒரே நிம்மதி. ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருக்கும்போது, ஏன் வரமாட்டாள் என்று தோன்றிற்று. உடம்புக்கு ஏதாவதா? செத்துக்கொண்டிருக்கிறாளா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு டக் பிடித்தாளா? சனியன், இதெல்லாம் எனக்கு எதற்கு. போய்த் தொலையட்டும் என்று தினமும் ஜெபம் பண்ணியவள் நான்தானே.

சோறு குழைந்துவிட்டது.

ஆகஸ்ட் 19. வியாழன்

நன்றி சொல்லிக் கார்டு எழுதினேன். யார் யார் என்ன கொடுத்தார்கள், பேரும் சாமானும். கிருபாவும் பக்கத்தில் உட்கார்ந்து உறையில் பேர்களை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். "பியூலா அக்காவுக்கு ஏன் எழுதல?"

அவள் எதுவும் கொடுக்கவில்லை, அதனால் என்றேன்.

சொல்லி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பரிசு கொடுக்காத ஒரே ஆள். ஆள் பேர் இல்லாத ஒரே பொட்டலம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் சர்ச்சுக்கு வந்தவள். அதற்கப்புறம் வந்த பிறந்தநாளில்தான் மஞ்சள் கவுன். கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பிள்ளைகளுக்கு அளவெடுப்பவள். ஞாயிறுதோறும் என் பிள்ளையைத் தூக்கிச் சுற்றுகிறவள். ஸ்டேஷனில், மார்க்கெட்டில், ரயிலில் நான் யார் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தபோது, அவளுக்கு நானே கேக் அதிகம் வைத்திருக்கிறேன்.

இவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22. ஞாயிறு

காய்ச்சல் என்று சொல்லி சர்ச்சுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். போனேன்.

அறிவிப்புகள் வாசிக்கும்போது ஐயர், "நம் சகோதரி பியூலாவுக்கு எத்தியோப்பியாவில் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. வியாழக்கிழமை பம்பாய்க்குப் புறப்படுகிறார். அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றார். எல்லாரும் தலை குனிந்தார்கள். நான் குனியவில்லை. பியூலாவும் குனியவில்லை. மூன்றாவது வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த கிருபாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எத்தியோப்பியா. எட்டாம் வகுப்புக்குப் படம் போட்டுக் காட்டுவேன். செங்கடலுக்கு அந்தப் பக்கம். போகட்டும் என்று நினைக்க வேண்டியதுதானே. நினைக்க வரவில்லை.

ஆகஸ்ட் 24. செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு ஹாஸ்டலுக்குப் போனேன். கிருபாவைக் கூட்டிப் போகவில்லை. பார்வையாளர் அறையில் ஒரு பெஞ்சு, வேறு யாரும் இல்லை. பியூலா கையில் பெட்டி கட்டுகிற கயிறோடு வந்தாள்.

"கவுன் பெருசா இருக்கு" என்றேன். வேறெப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"எந்தக் கவுன், அக்கா?"

முகத்தில் ஒன்றும் இல்லை. பின்கட்டில் யாரோ பம்ப் அடித்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றைச் சுற்றிச் சுற்றிப் பந்தாக்கினாள். பிறகு, "வளர்ற பொண்ணு. டக்கப் பிரிச்சுப் பிரிச்சு விட்டா மூணு வருஷம் வரும்" என்றாள்.

"தெரிஞ்சுதான் எங்க சர்ச்சுக்கு வந்தியா?"

"தெரிஞ்சுதான்."

"அவளைத் திருப்பிக் கேக்கவா வந்த?"

"கேட்டு எங்க கூட்டிக்கிட்டுப் போவேன்க்கா? இந்த ஹாஸ்டலுக்கா?" சிரித்த மாதிரி இருந்தது. "பார்க்கத்தான் வந்தேன். பார்த்துட்டு ஒரு மாசத்துல போயிடலாம்னுதான் வந்தேன்."

கேட்க நினைத்து வந்ததெல்லாம் மறந்துவிட்டது. அவள்தான் கேட்டாள். "மஞ்சக் கவுனும் ரோஸும் அளவு சரியா இருந்துதாக்கா? ஒரு ஞாயித்துக்கிழமையாவது போட்டுக்கிட்டு வருவான்னு பார்த்தேன்."

ரெண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். சர்ச் வாசலில் நின்று எங்கள் வீட்டுப் பிள்ளை என்ன உடுத்தி வருகிறாள் என்று பார்த்திருக்கிறாள். பூச்சி அரித்தது என்று இவளிடமும் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"சரியா இருந்துது. நான்தான் போட விடல. இப்ப பத்தாது."

தலையை ஆட்டினாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எழுந்தேன். கதவு வரை வந்தாள். அங்கே நின்றுகொண்டு, யோசிக்காமல்தான் சொன்னேன், "அங்க போய் நீ எந்தக் கணக்குல தைப்ப? நான் அளவு எழுதி அனுப்பறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அப்புறம், "வெளிநாட்டுப் பார்சல்ல அனுப்பறவங்க பேர் எழுதணும்க்கா. எழுதலன்னா எடுத்துக்கமாட்டாங்க" என்றாள்.

"எழுது" என்றேன்.

வருகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன். இவரிடம் எப்படிச் சொல்ல.

வீட்டில் கிருபா தரையில் குப்புறப் படுத்து, சமோசா வந்த பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்புதான். அடுத்த ஆகஸ்டுக்குள் யார் பேரையும் அவளே படித்துவிடுவாள்.