அடுப்பில் காய்ந்த விதை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உன் வீட்டுக் கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று. வாடகைக்கு வந்திருக்கும் பெண் எலுமிச்சைக்குத் தவறாமல் தண்ணீர் விடுகிறாள். வேலியோரம் பீன்ஸ் கொடிக்கு மாப்பிள்ளை ஊன்றிய குச்சிகள்தான் வெறுமனே நிற்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு உன் மகள் போன் செய்தாள். தொட்டி மண்ணை எல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டாயாம். தொட்டிகளில் இப்போது துணி மாட்டும் கிளிப்புகள் கிடக்கின்றனவாம். "மாமா, அம்மா பால்கனிப் பக்கமே போறதில்ல. அப்பா வருஷா வருஷம் எடுத்து வச்ச விதை என் கையில செத்துப்போச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க" என்றாள்.

உன்னிடம் ஒன்றை நான்கு மாதமாக மறைத்துவைத்திருக்கிறேன். இரண்டு கடிதங்களில் அதை எழுத வேண்டிய இடத்தில் வேறு எதையோ எழுதினேன்.

நீ மகள் வீட்டுக்குக் கிளம்பியபோது காய்கள் பச்சையாக இருந்தன. படுக்கையில் விழுவதற்கு முந்தின வாரம் மாப்பிள்ளை விதைக்கென்று பார்த்துப் பார்த்துச் சிவப்பு நூல் கட்டிய காய்கள். "கொடியிலயே காயட்டும் அண்ணா. காஞ்ச நெத்தைக் குலுக்கினா உள்ள சத்தம் கேக்கணும். விதையை நகத்தால அழுத்தினா தடம் விழக் கூடாது. நூல் கட்டினதை விதைக்கு வை, மத்ததைச் சமைச்சுச் சாப்பிடு" என்று ரயிலில் ஏறிய பிறகும் ஜன்னல் வழியே சொன்னாய். நானும் நல்ல மாணவன்போலத் தலையாட்டினேன்.

ஆனால் மழை பிடித்துக்கொண்டது. அவசரப்பட்டு எல்லாவற்றையும் பறித்து, முன்னறையில் செய்தித்தாள் விரித்துப் பரப்பினேன். மூன்றாம் நாள் ஒரு மூலையில் பூசணம் தெரிந்தது. பயந்துபோய் உரித்து, இரண்டு தட்டுகளில் போட்டு, தெருமுனை ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோனேன். ரொட்டி வெந்து முடிந்த அடுப்பில் ஒரு மணி நேரம் வைத்துத் தரச் சொன்னேன். ஒரு தட்டு சமையலுக்கு, இன்னொன்று நூல் கட்டியது.

கடைக்காரர் பார்த்துவிட்டு, "சார், சமையலுக்குன்னா தாராளமா வைக்கலாம். விதையை ஏன் சார் அடுப்புல வைக்கிறீங்க?" என்று கேட்டார். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். "எனக்கே பாடம் நடத்துறியா?" என்றேன். பாவம், இரண்டு தட்டையும் வாங்கி அடுப்பில் வைத்தார்.

விதை பளபளவென்று காய்ந்து வந்தது. உறையில் போட்டு, தேதி எழுதி, பெருமையாக உனக்கு அனுப்பினேன்.

முப்பது வருடமாக வகுப்பில் நான் என்ன செய்து காட்டினேன் தெரியுமா? ஈரப் பஞ்சு வைத்த இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் சும்மா காய்ந்த விதை, மற்றதில் வேகவைத்த விதை. நான்காம் நாள் பிள்ளைகளை வரிசையாக வந்து பார்க்கச் சொல்வேன். விதைக்கு உயிர் உண்டு, சூடு அதைக் கொல்லும் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். ரொட்டிக்கடைக்காரரும் அந்த வரிசையில் நின்றவர்தான்.

ஒன்றுகூட முளைக்கவில்லை என்று நீ எழுதியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. இங்கே மிச்சமிருந்ததில் பத்தை ஈரத்துணியில் சுற்றிவைத்தேன். ஊறி நாறியதுதான் மிச்சம். அப்படியும் உனக்கு என்ன எழுதினேன்? மண் சரியில்லை, வெயில் போதாது, தண்ணீரை அதிகமாக விட்டிருப்பாய் என்று எழுதினேன். மாட்டிக்கொண்ட பிள்ளை பக்கத்தில் இருப்பவனைக் கைகாட்டுவதுபோல. அப்படிக் கைகாட்டிய எத்தனை பிள்ளைகளை நான் பெஞ்சில் ஏற்றி நிறுத்தியிருப்பேன்! நீயோ நான் சொன்னதை அப்படியே நம்பி, உன் கையைக் குறை சொல்லிக்கொண்டாய்.

போன் வந்த மறுநாள் தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். போன வருடம் சமையலுக்கென்று அவருக்கு ஒரு டப்பா கொடுத்தாயே, கொடியிலேயே காய்ந்தது, அது நினைவுக்கு வந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன். "பாதியை முந்தாநாள்தான் வேகப்போட்டேன். இவ்வளவு நாள் வாயில என்ன வச்சிருந்தீங்க வாத்தியாரே?" என்று கேட்டுவிட்டு டப்பாவைக் கவிழ்த்தார். நாற்பத்தொரு விதை. பத்தை ஈரத்துணியில் சுற்றிவைத்தேன். நான்காம் நாள் ஏழு முளைவிட்டிருந்தன. ஏழையும் மாப்பிள்ளையின் குச்சிகளுக்கு அடியில் ஊன்றிவிட்டேன். மீதி முப்பத்தொன்றும் இந்த உறையில் இருக்கின்றன. அடுப்புப் பக்கம் நான் கொண்டுபோகவே இல்லை.

மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. உன்னிடம் கேட்கிறேன். என்னைத் திட்டி நாலு பக்கம் எழுது. ஒரு வரி விடாமல் படிப்பேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. உன் கை நல்ல கைதான் அம்மா. அந்தக் கிளிப்புகளை வேறு எதிலாவது போட்டு வை.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
அண்ணன்