சேர்த்துப் போட்ட மேசைகள்

மகளே,

இன்று கடைக்கு ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. மேசைகளை இழுத்துச் சேர்த்தபோது கால்கள் தரையில் உரசிக் கிறீச்சிட்டன. உன் நினைவு வந்துவிட்டது. எழுதப் பழகியபின் நான் எழுதும் முதல் மடல் இது. மெதுவாகத்தான் வருகிறது. ஆனாலும் வருகிறது, பார்!

நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்த காலம். ஒருநாள் ராஜபாளையத்தில் பஸ் இறங்கி, நான் பரிமாறும் இந்தப் பரோட்டாக் கடைக்கே நேராக வந்தாய். கண் சிவந்திருந்தது.

"கணக்கு மாதிரிப் பாடத்துல சூத்திரத்த நானே சொல்லிப்புட்டேன்னு பெயிலாக்கிட்டாவப்பா. பிள்ளைகளே கண்டுபிடிக்கணுமாம். நாளைக்கும் தப்பினா இந்த வருசம் போச்சு."

பகல் கூட்டம் ஓய்ந்திருந்தது. நாளைய பாடத்தை என்னிடமே நடத்திப் பார்க்க, பக்கத்துக்கு ஒருவர் உட்காரும் சதுர மேசையைக் காட்டினாய்.

"ஒண்ணுக்கு நாலு பேரு. ரெண்டச் சேத்துப் போட்டா?"

"எட்டு."

உதட்டைக் கடித்துக்கொண்டாய். தப்பு என்று சொல்லவில்லை. "போட்டுத்தான் பாருங்களேன்."

போட்டேன். ஒட்டிய இடத்தில் உட்கார வழியில்லை. ஆறுதான். மூன்றுக்கு எட்டு.

கல்லாவிலிருந்து முதலாளி சிரித்தார். "ஏலே, பரோட்டா விக்கியா, பள்ளிக்கூடம் நடத்துதியா?"

"நூறு மேசைன்னா?" என்றாய் நீ.

நூறு மேசைக்கு எங்கே போக? பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகுதான் பிடிபட்டது.

"மேசைக்கு ரெண்டு பேரு, இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். அதுபோக, ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொருத்தன். எம்புட்டு மேச போட்டாலும் அந்த ஓரத்து ஆளுக ரெண்டு பேருதான்."

"நான் சொல்லலியே! நீங்களே சொல்லிட்டியளே!" என்று துள்ளினாய். துடைத்த ஈரத்தில் விரலால் ஓர் எழுத்து வரைந்தாய். "இது 'ம'. எம்புட்டு மேசைன்னு தெரியாதப்போ இதப் போட்டுக்கிடலாம்."

மறுநாள் தேறினாய். வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கையிலேயே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. உனக்கென்று ஒரு வகுப்பில் நீ நின்றதேயில்லை.

இப்போது நம் தெருவில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்க வகுப்பு நடக்கிறது. முதல் நாள் சொல்லித்தர வந்த பெண் பலகையில் ஓர் எழுத்தைப் போட்டு, "யாருக்காவது தெரியுமா?" என்றாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் எழுந்து "ம" என்றேன்.

"முன்னமே படிச்சிருக்கியளா தாத்தா?"

"ஆமா தாயி. எம்மக சொல்லித் தந்தா."

இன்று கூட்டம் போனபின் மேசைகளைத் துடைத்தேன். பிரித்துப் போட மனம் வரவில்லை. ஓர் ஓரத்தில் உட்கார்ந்தேன். எதிர் ஓரம் காலியாக இருந்தது. உனக்கும் எனக்கும் நடுவில் எத்தனை மேசை என்று தெரியவில்லை. ஈரத்தில் விரலால் 'ம' என்று எழுதினேன்.