முனியப்பரிடம் இரவல் வாங்கிய தாள்

பண்ருட்டி
28.06.2024

அன்புள்ள தேவிக்கு,

நீயும் வெண்மதியும் சுகம்தானே? இங்க முந்திரி கம்பெனியில வாட்ச்மேன் வேலை. கொட்டை வறுக்கிற புகையில கண்ணு எரியுது, மத்தபடி குறையில்ல. என் போன் இன்னும் போலீஸ் ஸ்டேஷன்லதான். வேற வாங்கினா டிப்பர் ஓனர் ஆளுங்க நம்பரைக் கண்டுபிடிச்சு கூப்பிட்டுக்கினே இருப்பானுங்க. அதான் இந்தக் கடுதாசியை நெய்வேலி பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து விடறேன்.

பதினெட்டு வருஷம் டிப்பர் ஓட்டிட்டேன் தேவி, ஒரு கோழி மேலகூட ஏத்தினதில்ல. அன்னிக்கு வடலூர் வளைவுல பிரேக்கை மிதிச்சேன், பிடிக்கல. மணல் குவியல்ல ஏத்தி நிறுத்தறதுக்குள்ள நல்லசாமி அண்ணன் மொபெட்ல தட்டிடுச்சு. அவரை ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதே நான்தான். கால் முறிஞ்சதோட போச்சேன்னு இருக்கு.

ஓனர் என்ன சொல்றாரு தெரியுமா? பிரேக் நல்லாத்தான் இருந்துதாம், நான்தான் தூங்கிட்டேனாம். மாசம் ஒண்ணாந்தேதியே எல்லா டிரிப் ஷீட்லயும் எங்ககிட்ட வெறுங்கையெழுத்து வாங்கிடுவாங்கன்னு உனக்கே தெரியும். இப்ப அதுல ‘வண்டி நல்ல நிலை, எட்டு மணி நேர ஓய்வு’ன்னு சூப்பர்வைசர் நிரப்பி வெச்சிட்டான். கீழ என் கையெழுத்து! ஜூலை 19 ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல விசாரணை. புடுங்கி வெச்ச லைசென்ஸ் திரும்பி வரலன்னா நான் ஒண்ணுமில்லாதவன்.

ஒரே ஒரு ஆதாரம் இருக்கு. பிரேக் சரியில்லன்னு மே கடைசியில எழுதிக் குடுத்து, அதையே இன்னொரு தாள்லயும் எழுதி சூப்பர்வைசர்கிட்ட ‘பெற்றேன்’னு கையெழுத்து வாங்கி வெச்சேன். உன் தையல் மெஷின் டிராயர்ல இருக்கு. உடனே அனுப்பு.

இப்படிக்கு
உன் கொளஞ்சியப்பன்

நெய்வேலி, பிளாக் 21
30.06.2024

அன்புள்ள மாமாவுக்கு,

தேவயானி எழுதறது. வெண்மதி கணக்குல தொண்ணூத்தி ரெண்டு வாங்கியிருக்கா. ரெண்டு நாளா நல்ல மழை. கண்ணு எரியுதுன்னா பச்சைத் தண்ணியில கழுவுங்க, கண்ட சொட்டு மருந்தையும் விடாதீங்க.

திட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு மேல படிங்க. அந்தத் தாள் டிராயர்ல இல்ல. விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கோயில்ல, முனியப்பர் வேல்ல தொங்குது.

ஜூன் மூணாந்தேதி உங்ககிட்ட சொல்லாம போய் பிராது கட்டிட்டு வந்தேன். மனுஷங்ககிட்ட சொல்லித் தீராத வழக்கைத் தாள்ல எழுதி அங்க கட்டினா, தொண்ணூறு நாள்ல சாமி தீர்த்து வைக்கும்னு நம்ம பக்கம் அறியாதவங்க யாரு? அவசரத்துல டிராயர்ல கைக்கு வந்த தாளை எடுத்துக்கினு போனேன். பின்பக்கம் வெள்ளையா இருந்துது, எழுதிட்டேன்.

யார் மேல பிராதுன்னு கேப்பீங்க. உங்க மேலதான்.

இப்படிக்கு
உங்கள் தேவயானி

பண்ருட்டி
02.07.2024

தேவயானிக்கு,

அடிப்பாவி! என் மேலயா? எனக்கே அந்தச் சாமி பேரு. என் மேல குத்தம் சொல்லி அவர் வாசல்லயே போய்க் கட்டியிருக்கியே! பதினாறு வருஷம் உன்னோட குடித்தனம் பண்ணதுக்கு இதான் மரியாதை. நேத்து முழுக்க சோறு இறங்கல.

இன்னிக்குக் கோவம் கொஞ்சம் ஆறிப்போச்சு. நான் அப்படி என்ன பண்ணிட்டேன்? என்னதான் எழுதினே? அதைச் சொல்லு. ஆனா முதல்ல போய்த் தாளை அவுத்துக்கினு வா. அது இல்லாம போனா ஓனர் சொல்றதுதான் நிஜமாகும்.

கொளஞ்சியப்பன்

நெய்வேலி, பிளாக் 21
07.07.2024

அன்புள்ள மாமாவுக்கு,

தாள் கிடைச்சிடுச்சு! கிடைச்சிடுச்சு மாமா!

அங்க ஆயிரக்கணக்குல தாள் தொங்குது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம்தான் ஞாபகம் வந்துது, ஜாக்கெட் தைச்ச கிளிப்பச்சை நூல்ல கட்டினேன், மழைக்கு பால் கவர்ல வேற சுத்தினேன். ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கினே நின்னேன், கழுத்து புடிச்சுக்கிச்சு. பூசாரிகிட்ட கேட்டேன். “வழக்கு தீராம அவுக்கலாமாம்மா?”ன்னார். நான் முனியப்பரையே பார்த்து, “ஐயா, வாபஸ் இல்ல, இரவல்”னு சொல்லிட்டு, எதிர்க்கடையில ஜெராக்ஸ் எடுத்து அதைக் கட்டிட்டு வந்தேன். பூசாரி சிரிச்சிட்டார்.

நம்ம வக்கீல் புவனா மேடம் தாளைப் பார்த்து எழுந்தே நின்னுட்டாங்க. முன்பக்கம் சூப்பர்வைசர் கையெழுத்து, அதுக்கு மேலயே பிராது கட்டினப்ப கோயில்ல குடுத்த ரசீது குண்டூசி குத்தி இருக்கு, கோயில் சீல் தாள்லயும் சேர்ந்து விழுந்திருக்கு. ரசீதுல ஜூன் 3. விபத்து ஜூன் 15. “அப்புறமா தயார் பண்ண தாள்னு இனி எவனும் சொல்ல முடியாது தேவயானி”ன்னாங்க.

என்ன எழுதினேன்னு கேட்டீங்களே, அப்படியே தரேன்:

‘ஐயா முனியப்பா, என் புருஷன் விடியக்காலையில போனா ராத்திரிதான் வூடு திரும்பறார். ஒரு மாசமா ஒரு நாள் லீவு இல்ல. பிரேக் பிடிக்காத அந்த டிப்பரை எடுக்காதீங்கன்னா கேக்க மாட்டேங்குறார். நான் சொல்லி ஓஞ்சிட்டேன். நீயே கேளு.’

இது தப்புன்னா என்னைத் திட்டிக்குங்க.

உங்கள் தேவயானி

பண்ருட்டி
19.07.2024

என் அன்புத் தேவிக்கு,

ஜெயிச்சிட்டோம்டீ! லைசென்ஸ் என் சட்டைப் பையில இருக்கு. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கினே எழுதறேன்.

வெண்மதிக்குக் காய்ச்சல்னு நீ வராம போயிட்டே. வந்திருக்கணும்! ஓனரோட வக்கீல் டிரிப் ஷீட்டைக் கட்டா கொண்டாந்து வெச்சார். புவனா மேடம் நம்ம ஒத்தைத் தாளை வெச்சாங்க. “இது உங்க கையெழுத்தா?”ன்னு அதிகாரி கேட்டதும் சூப்பர்வைசர் முகம் பேயறைஞ்ச மாதிரி ஆச்சு. ஆமான்னான். பிரேக் தேஞ்சு போயிருந்துதுன்னு வண்டியைச் சோதிச்ச இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டும் சொல்லிடுச்சு.

அப்புறம் அதிகாரி தாளைத் திருப்பினார். உன் பிராதைச் சத்தமா படிச்சார் தேவி. ‘நீயே கேளு’ன்னு முடிச்சதும் ஹாலே சிரிச்சுது. “என்னப்பா, இதுக்கு உன் பதில் என்ன?”ன்னார். “ஒத்துக்கறேங்க. தெரிஞ்சே வண்டிய எடுத்தது என் தப்பு. நான் எடுக்கலன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்கன்னு பயந்துட்டேன்”ன்னேன்.

நல்லசாமி அண்ணன் ஊன்றுகோலோட வந்திருந்தார். “இவர் ஓடிப் போகல சார், என்னை மடியில வெச்சுக்கினு ஆஸ்பத்திரிக்கு வந்தார்”னு அவரே சொன்னார். நான் அழுதுட்டேன், வெக்கமே இல்லாம.

அதிகாரி எனக்கு எச்சரிக்கை குடுத்து லைசென்ஸைத் திருப்பிக் குடுத்தார். ஓனர் வண்டிங்க பதினொண்ணையும் சோதனை முடியுற வரைக்கும் நிறுத்தச் சொல்லிட்டார். ஓனர், சூப்பர்வைசர் ரெண்டு பேரையும் கேஸ்ல சேர்க்கச் சொல்லி புவனா மேடம் மனு குடுத்தாச்சு. அண்ணனுக்கு இனி ஓனர்தான் பதில் சொல்லணும். வெளிய வந்தா நம்ம டிரைவருங்க நிக்கிறாங்க. இனிமே வெறுந்தாள்ல கையெழுத்துப் போட மாட்டோம்னு எல்லாரும் சொல்லிட்டாங்களாம்.

பிராது கட்டி நாப்பத்தாறு நாள்தான் ஆச்சு. உன் முனியப்பர் சுறுசுறுப்புதான்.

இங்க வாட்ச்மேன் வேலைக்கு மாத்து ஆள் நாளைக்கு வர்றான். நாளன்னைக்குக் காலையில நான் வூட்டுல இருப்பேன்.

உன் கொளஞ்சி

நெய்வேலி, பிளாக் 21
20.07.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கண்டக்டர் கடுதாசியைக் குடுத்ததும் தெருவுலயே நின்னு படிச்சேன். பக்கத்து வூட்டு ஜானகியம்மாளுக்கும் படிச்சுக் காட்டினேன். காய்ச்சல் விட்டுப் போய் வெண்மதி குதிச்சுக்கினு இருக்கா. உங்களுக்குப் பிடிச்ச கருவாட்டுக் குழம்பு வெக்கப் போறேன்.

ஆனா ஒண்ணு. உங்க மேல இருக்கிற பிராது இன்னும் அப்படியேதான் இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை லீவு போட்டுட்டு என்கூட விருத்தாசலம் வரணும். ஒழுங்கா லீவு எடுப்பேன், பழுதான வண்டியைத் தொட மாட்டேன்னு எழுதி முனியப்பர் முன்னாடி கையெழுத்துப் போடுங்க. அப்பதான் வாபஸ் வாங்குவேன்.

வெறுந்தாள்ல இல்ல. நான் எழுதித் தரேன், நீங்க முழுசாப் படிச்சிட்டு அப்புறம் போடுங்க.

உங்களுக்காகக் காத்திருக்கும்
தேவயானி