கல்லூரி மாடியில் ஒரு வள்ளம்

நண்பரே,

இன்று காலை கடற்கரையில் யாரோ வள்ளத்துக்குப் பூசக் குங்கிலியம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த மணத்தில் தனியே நின்று சிரித்துவிட்டேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருக்கு விளக்கம் சொல்லக் கூச்சம். உமக்கென்றால் சொல்லவே தேவையில்லை.

அறுபதுகளில் நம் கல்லூரி மாடியில் நிலவும் நட்சத்திரமும் பார்க்க ஒரு வான்கூடம் அமைத்தோம், பௌதிகம் படிப்பித்த நீரும் கணிதம் படிப்பித்த நானும். தொலைநோக்கி வந்துவிட்டது, அதற்குமேல் வளைந்த கூரையாகக் கவிகை செய்யத்தான் ஆளில்லை. "வள்ளம் கட்டுறவரிட்டக் குடுப்பம் ஐசே. கவிட்டு வைச்சால் கவிகைதானே" என்றீர். கிண்ணியாவிலிருந்து வள்ளம் கட்டும் தச்சர் காசிம் ஓடாவி வந்து பலகையை வளைத்து அழகாகவே கட்டினார். வானம் பார்க்க நீளத் திறப்பு, அதற்கு இழுவைக் கதவு. நான் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

திறப்பு விழா மாலை மாடி நிறையப் பெற்றோர். பழைய நாற்காலிகளை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்த அதிபர் முன்னமே சொல்லியிருந்தார்: "இண்டைக்குச் சந்திரனைக் காட்ட ஏலாட்டில், இதுக்குள்ள உடைஞ்ச கதிரையளை அடுக்குவன்."

நீர் கதவை இழுத்தீர். அசையவில்லை. கடைசி வேலையாக ஓடாவி எல்லா இடுக்குகளிலும் பஞ்சும் குங்கிலியமும் அடைத்திருந்தார், கதவின் விளிம்பையும் சேர்த்து.

"என்ன காக்கா இது?" என்று ஓடாவியிடம் கேட்டீர்.

"ஓட்டையோட ஆராச்சும் வள்ளம் விடுவாங்களா, சேர்?"

நாளைக்கு வைப்போமா என்று நான் முணுமுணுத்தேன். நீர் சிரித்துக்கொண்டே சாம்பல்தீவு மீனவத் தகப்பன்மாரிடம் திரும்பினீர். "அண்ணைமார், வள்ளம் தூக்கத் தெரியுந்தானே?"

கழிகள் வந்தன. "நீர் என்ன கலியாண மாப்பிள்ளையா? தோளைக் குடும் ஐசே!" என்று என்னையும் இழுத்துவிட்டீர். ஏலேலோ என்று அவர்கள் பாட, நானும் கத்தினேன். கவிகை முழுவதுமாக எழும்பி மாடித் தரையில் இறங்கியது. துறைமுகத்தின் மேல் பிறை நின்றது.

"பிறையில இவ்வளவு குழியா!" என்று ஓடாவி வியந்தார். கடைசியாகத் தொலைநோக்கியில் குனிந்த அதிபர் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும், "கதிரையளுக்கு வேற இடம் பாப்பம்" என்றார்.

அந்தக் கதவைச் சுரண்டித் திறக்க நீர் பிறகும் சம்மதிக்கவில்லை. மாதமொருமுறை தகப்பன்மாரும் மாணவர்களும் கூடித் தூக்கினோம். 'வள்ளம் இறக்குற நாள்' என்றே கல்லூரியில் அதற்குப் பெயர். நான் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நடந்தது.

நான் இன்றும் பயந்த மனிதன்தான். தபாற்கந்தோர் வரிசையில் யாரும் முந்தினால்கூட வாய் திறப்பதில்லை. ஆனாலும் அன்று மாலை என் தொண்டையிலிருந்து எவ்வளவு பெரிய சத்தம் வந்ததென்று எனக்குத் தெரியும். அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.